வீட்டு மடிப்பு

மார்ச் 4

அன்புள்ள அத்தைக்கு,

நான் சுகமாக இருக்கிறேன். உங்கள் முழங்கால் எப்படி இருக்கிறது? டாக்டர் கொடுத்த எண்ணெயைத் தேய்க்கிறீர்களா, இல்லை பாட்டிலை அலமாரியில் வைத்து அழகு பார்க்கிறீர்களா?

முதலில் நல்ல சேதி. நீங்கள் இங்கே வந்து என்னோடு தங்க அனுமதி கிடைத்துவிட்டது. செப்டம்பரில் கிளம்பலாம். விசா அலுவலகத்தில் முத்திரை குத்திய அம்மாள், "யார் இவங்க, உங்க அம்மாவா?" என்று கேட்டாள். மாமியார் என்றேன். என்னை ஏற இறங்கப் பார்த்தாள். மாமியாரை வரவழைக்க இப்படி நடையாய் நடந்த மருமகளை அவள் பார்த்ததில்லை போலிருக்கிறது.

உங்கள் மகன் இறந்துபோன பிறகு இரண்டு வருஷம் நாம் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு அந்தச் சலவைக் கடையில் நின்றோம். பிறகு நீங்கள்தான் பிடித்துத் தள்ளாத குறையாக என்னை விமானம் ஏற்றினீர்கள். "முதல்ல நீ போய்க் காலூன்று, அப்புறம் என்னைக் கூப்பிடு" என்றீர்கள். ஊன்றிவிட்டேன். கண்ணாடிக் கடையில் வேலை நிரந்தரமாகிவிட்டது. இப்போது நானே லென்ஸ் தேய்த்து பிரேமில் பொருத்துகிறேன்.

இங்கே எப்படி இருக்கும், ஒளிக்காமல் எழுது என்று கேட்டிருந்தீர்கள். வீடு ஐந்தாவது மாடி. ஓர் அறை, ஒரு சமையலறை, நின்று திரும்ப இடமுள்ள குளியலறை. ஜன்னலில் இருந்து கடல் தெரியும் என்று சொல்லித்தான் வாடகைக்குக் கொடுத்தார்கள். நாற்காலி போட்டு ஏறி, கழுத்தை ஒடித்துப் பார்த்தால் தெரியும். ஆனால் கடல் எல்லா இடத்துக்கும் வந்துவிடும். ஜன்னல் கண்ணாடியைத் துடைத்தால் துணியில் உப்பு. கத்தரிக்கோல் துருப்பிடிக்கும். தீப்பெட்டி நமுத்துப் போகும். வந்த புதிதில் எனக்கும் அப்படித்தான் இருந்தது, நமுத்துப் போன மாதிரி. இப்போது பழகிவிட்டது.

லிஃப்ட் உண்டு. ஓடுகிற நாளில் ஓடும்.

உங்கள் அன்பு மருமகள்

—

மார்ச் 23

கண்ணாடிக்காரிக்கு,

உன் கடிதம் வந்தது. முழங்கால் அது பாட்டுக்கு வலிக்கிறது, நான் பாட்டுக்கு நடக்கிறேன். இருவருக்கும் சண்டை இல்லை. நீ நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா?

கடையை எதிர்வீட்டுக்காரிக்கே கொடுத்துவிடுவதாகப் பேசி முடித்துவிட்டேன். ஆகஸ்ட் கடைசியில் சாவியைக் கொடுக்கிறேன். மாடி வீட்டையும் அவளே எடுத்துக்கொள்கிறாள். நல்லவள்தான், ஆனால் கை சொன்ன பேச்சைக் கேட்காது. கடை மடிப்புக்கும் வீட்டு மடிப்புக்கும் வித்தியாசம் சொல்லிச் சொல்லி என் வாய் வலிக்கிறது. வாடிக்கைக்காரர் சட்டையின் கையைப் பின்னால் கொண்டுபோய் மடி, அது கடை மடிப்பு. நம் வீட்டு ஆள் சட்டையின் கையை முன்னால் கொண்டுவந்து நெஞ்சு மேல் கட்டி மடி, அது வீட்டு மடிப்பு. உன் மாமனார் ஆரம்பித்து வைத்தது. அப்படிச் செய்தால்தான் ஊரார் துணிக் குவியலில் நம் வீட்டுத் துணி கலக்காது. இதில் என்ன கஷ்டம்?

நீ மட்டும் என்ன? கல்யாணமாகி வந்த புதிதில் என் மகன் சட்டையைக் கடை மடிப்பாக மடித்து அவன் கையில் கொடுத்தாய். "ஏம்மா, நான் எவ்வளவு தரணும்?" என்று அவன் கேட்டான். நீ அழுதுவிட்டாய். பெற்றவர்கள் இல்லாமல் சித்தப்பா வீட்டில் வளர்ந்த பெண், ஒரு சொல் தாங்கமாட்டாள் என்று அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது. அவனை அதட்டினேன். அதன் பிறகு நீ ஒருநாளும் மடிப்பை மாற்றியதில்லை.

அங்கே துணியை எங்கே உலர்த்துவது? அதை எழுதவே இல்லையே. லிஃப்ட் ஓடாவிட்டால் ஐந்து மாடி நான் எப்படி ஏறுவேன்? யோசித்து வை.

என்னைப் போனில் கூப்பிடாதே. பாதிப் பேச்சு உன் மூச்சாகவே கேட்கிறது. எழுது.

அத்தை

—

ஏப்ரல் 15

அன்புள்ள அத்தைக்கு,

சாப்பாடு, தூக்கம் எல்லாம் ஒழுங்கு. நீங்கள் சூடான இஸ்திரிப் பெட்டியோடு ரொம்ப நேரம் நிற்காதீர்கள், எதிர்வீட்டு அக்காவை நிற்கச் சொல்லுங்கள்.

துணியைப் பற்றிக் கேட்டீர்களே. பால்கனியில் உலர்த்தக்கூடாதாம். கட்டடத்துக்கு அழகு போய்விடுமாம். நிலவறையில் பெரிய பெரிய மெஷின்கள் வரிசையாக இருக்கின்றன. துணியைப் போட்டுவிட்டு எல்லோரும் எதிரே பெஞ்சில் உட்கார்ந்து அது சுழல்வதைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். வெள்ளையும் கலரும் ஒன்றாகச் சுழலும். நீங்கள் வந்து பார்த்தால் அங்கேயே ஒரு கலவரம் நடக்கும், இப்போதே எனக்குத் தெரிகிறது.

தெருவில் சாப்பிடக்கூடாது. கடல் பறவைகள் வந்து கையில் இருப்பதைப் பிடுங்கிக்கொண்டு போகும். என் ரொட்டி போய்விட்டது. மூடுபனி நாளில் கப்பல்கள் ஊதிக்கொண்டே இருக்கும், யாரோ அடுத்த அறையில் குறட்டை விடுகிற மாதிரி. லிஃப்டில் யாரும் யாரையும் பார்க்க மாட்டார்கள். எல்லோரும் கதவையே பார்த்துக்கொண்டு நிற்பார்கள்.

லிஃப்ட் என்றதும் ஞாபகம் வருகிறது. போன வாரம் இரண்டாம் மாடிக்கும் மூன்றாம் மாடிக்கும் நடுவே மாட்டிக்கொண்டேன். எல்லாப் பொத்தானையும் அழுத்திப் பார்த்தேன். அப்போது மேலேயிருந்து நம் மொழியில் ஒரு குரல். "உனக்கு என்ன குறை வச்சேன்? நேத்துதானே எண்ணெய் போட்டேன்? எல்லார் முன்னாடியும் இப்படி மானத்தை வாங்குறியே?" என்று லிஃப்டைத் திட்டிக்கொண்டிருந்தது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உள்ளே ஆள் இருப்பது அவருக்கு அப்போதுதான் தெரிந்தது போல. பிறகு மிகவும் மரியாதையாக, "மன்னிக்கணும், உங்களைச் சொல்லலை" என்றார். லிஃப்ட் பழுது பார்ப்பவர். உங்கள் முழங்காலைப் பற்றிச் சொல்லி வைத்திருக்கிறேன்.

மாதா மாதம் முடி வெட்டிக்கொள்கிறேன். காற்றில் சிக்கு விழுகிறது.

உங்கள் அன்பு மருமகள்

—

மே 2

கண்ணாடிக்காரிக்கு,

இங்கே எல்லாரும் சுகம். வெயில் கொளுத்துகிறது. கடைக்குள் நின்றால் நாமே கஞ்சி போட்ட துணி மாதிரி விறைத்துப் போகிறோம்.

மெஷின் முன்னால் உட்கார்ந்து வேடிக்கை பார்ப்பதை நினைத்து நினைத்துச் சிரித்தேன். எதிர்வீட்டுக்காரியிடம் சொன்னேன், அவள் நம்பவில்லை. சோம்பேறிகள் என்றாள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. தனியாக இருப்பவர்கள் வேறு எதைப் பார்ப்பார்கள்? நீயும் அந்தப் பெஞ்சில் உட்கார்ந்திருப்பாய் என்று தோன்றியதும் சிரிப்பு நின்றுவிட்டது. நான் சீக்கிரம் வந்துவிடுகிறேன்.

கடல் பறவை, கப்பல், கட்டடம், லிஃப்ட்டுக்காரர் என்று எழுதியிருந்தாய். பறவைக்கு இரண்டு வரி, கப்பலுக்கு ஒரு வரி. லிஃப்டுக்கு மட்டும் ஏன் அவ்வளவு நீளம் என்று தெரியவில்லை. முழங்கால் என்னுடையது என்பதால் இருக்கும்.

உன் அலமாரியில் ஒரு தட்டை எனக்காகக் காலியாக வை. என்ன கொண்டுவருகிறேன் என்று இப்போது கேட்காதே.

அத்தை

—

மே 24

அன்புள்ள அத்தைக்கு,

நலம்தான். உங்களுக்கு அனல் தாங்குகிறதா? மோர் குடியுங்கள்.

அலமாரியில் நடுத்தட்டைக் காலி செய்துவிட்டேன். நீங்கள் குனிய வேண்டாம், எக்க வேண்டாம்.

லிஃப்ட் இப்போது பரவாயில்லை. உங்களிடம் ஒரு சந்தேகம் கேட்க வேண்டும். வெளிர் நீலச் சட்டை, பருத்தி. கைமடிப்பில் கிரீஸ் ஒட்டிவிட்டது. சோப்புப் போட்டுத் தேய்த்தேன், பரவுகிறதே தவிரப் போகவில்லை. என்ன செய்யலாம்? கண்ணாடிக் கடையில் கூட வேலை செய்கிறவருடைய சட்டை. பாவம், அவருக்கு யாரும் இல்லை சொல்லித்தர.

இங்கே கோடை வரப்போகிறது என்று எல்லோரும் சந்தோஷமாக இருக்கிறார்கள். வந்தால்தான் நம்புவேன். நீங்கள் வரும்போது ஒரு கம்பளிப் போர்வை வேண்டும். இங்கேயே வாங்கி வைக்கிறேன், அங்கிருந்து சுமக்காதீர்கள்.

உங்கள் அன்பு மருமகள்

—

ஜூன் 10

கண்ணாடிக்காரிக்கு,

மோர் குடிக்கிறேன். உனக்கு உடம்பு எப்படி?

கிரீஸ் மேல் முதலில் தண்ணீர் காட்டியதே தப்பு. முகப்பவுடர் இருந்தால் கறை மேல் தாராளமாகக் கொட்டி, ஒரு ராத்திரி முழுக்க அப்படியே விடு. எண்ணெயை அது உறிஞ்சிக்கொள்ளும். காலையில் தட்டிவிட்டு, பாத்திரம் கழுவும் சோப்பை உள்பக்கமாகத் தடவி, சுடுதண்ணீரில் அலசு. கறை முழுக்கப் போகிறவரைக்கும் இஸ்திரிப் பெட்டியைக் கிட்டே கொண்டுபோகாதே. சூடு பட்டால் கறை குடித்தனம் வந்துவிடும், பிறகு கிளப்ப முடியாது.

கண்ணாடிக் கடையில் கிரீஸ் எங்கிருந்து வருகிறது என்று நான் கேட்கவில்லை. நான் அந்தக் கடையைப் பார்த்ததில்லை.

வீட்டை ஒரு போட்டோ எடுத்து அனுப்பு. என் கட்டில் எங்கே என்று பார்க்க வேண்டும். ஜன்னல் பக்கம் எனக்கு வேண்டும்.

அத்தை

—

ஜூன் 29

அன்புள்ள அத்தைக்கு,

பவுடர் வைத்தியம் பலித்துவிட்டது. கறை இருந்த இடமே தெரியவில்லை. நன்றி.

இதோடு போட்டோ வைத்திருக்கிறேன். வேலைக்குக் கிளம்புகிற அவசரத்தில் எடுத்தது, அறை கொஞ்சம் களேபரமாக இருக்கும். ஜன்னலோரம் இருப்பது உங்கள் கட்டில். திரைச்சீலை நானே தைத்தது, ஒருபக்கம் இறங்கியிருக்கிறது, திட்டாதீர்கள். மூலையில் கம்பளிப் போர்வை. சுவரில் உங்கள் மகன் படம். நீங்கள் படுத்தால் நேர் எதிரே தெரியும்.

பக்கத்தில் ஒரு பூங்கா இருக்கிறது. உங்கள் வயதுக்காரர்கள் காலையில் நடப்பார்கள். பேச்சுத் துணைக்கு யாருமில்லை என்று நீங்கள் வருத்தப்படக்கூடாது. நான் ஏன் இவ்வளவு கவலைப்படுகிறேன் என்று தெரியவில்லை. நீங்கள் வந்தால் எல்லாம் சரியாகிவிடும்.

உங்கள் அன்பு மருமகள்

—

ஜூலை 14

கண்ணாடிக்காரிக்கு,

போட்டோ வந்தது. சௌக்கியமாக இருப்பாய் என்று நினைக்கிறேன்.

அறை வெளிச்சமாக இருக்கிறது. கட்டில் நல்ல இடத்தில் போட்டிருக்கிறாய். திரைச்சீலையை நான் வந்து சரி செய்கிறேன். அவன் படத்தைத் துடைத்து வைத்திருக்கிறாய்.

மேசை மேல் ஒரு சட்டை இருக்கிறது. வெளிர் நீலம். வீட்டு மடிப்பாக மடித்திருக்கிறாய். சுருக்கமே இல்லை, நன்றாக வந்திருக்கிறது.

அத்தை

—

ஜூலை 26

அன்புள்ள அத்தைக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு அந்த மேசை முன்னாலேயே உட்கார்ந்துவிட்டேன். சுகம் விசாரிக்கக்கூட எனக்கு முகம் இல்லை. ஆனாலும் கேட்கிறேன், நன்றாக இருக்கிறீர்களா?

வேண்டுமென்று மடிக்கவில்லை. கறை போன சந்தோஷத்தில் தேய்த்தேன், கை தானாகவே முன்னால் கட்டி மடித்துவிட்டது. போட்டோவை உறையில் போடும்போதும் என் கண்ணில் படவில்லை. உங்கள் கண்ணில் படாமல் போகுமா?

சட்டை கண்ணாடிக் கடைக்காரருடையது இல்லை. லிஃப்ட் பழுது பார்ப்பவருடையது. அன்றைக்கு மாட்டிக்கொண்டேனே, அவர்தான். என்னைக் கல்யாணம் செய்துகொள்ளக் கேட்டிருக்கிறார். நான் இன்னும் பதில் சொல்லவில்லை. உங்களிடம் சொல்லாமல் எப்படிச் சொல்வேன்? உங்களிடம்தான் எப்படிச் சொல்வேன்? நீங்கள் கடையையும் வீட்டையும் கொடுப்பதாகப் பேசி முடித்துவிட்டீர்கள். மகனை நினைத்துக்கொண்டிருக்கும் மருமகள் வீட்டுக்கு வருகிறோம் என்று நினைத்துக்கொண்டு மூட்டை கட்டுகிறீர்கள். இதைத் தெரிந்துகொண்டால் எந்த முறையில் வருவீர்கள் என்று நினைத்து நினைத்துப் பேனாவை மூடி வைத்தேன்.

உங்கள் மகனை நான் மறக்கவில்லை அத்தை. அது உங்களுக்குத் தெரியும். இவரைப் பார்த்தால் சிரிப்பு வருகிறது, அதையும் நான் மறைக்க முடியாது. ரொம்ப நாளாக எனக்குச் சிரிப்பே வராமல் இருந்தது.

கேட்ட அன்றைக்கே இவரிடம் சொல்லிவிட்டேன், நானும் என் அத்தையும் ஒரே வீடு, எங்களைப் பிரித்துப் பேசாதீர்கள் என்று. அவர் யோசித்துவிட்டு, "அப்ப அவங்க வர்றதுக்குள்ள இந்த லிஃப்டைச் சரி பண்ணியாகணும்" என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

நீங்கள் வேண்டாம் என்றால் வேண்டாம். இதை இங்கேயே விட்டுவிடுகிறேன். நீங்கள் வராமல் மட்டும் இருந்துவிடாதீர்கள்.

உங்கள் மருமகள்

—

ஆகஸ்ட் 16

அத்தை,

பதில் இல்லை. முழங்கால் எப்படி? திட்டியாவது எழுதுங்கள். உங்கள் கட்டில் மேல் யாரையும் உட்கார விடவில்லை. அந்தத் தட்டும் காலியாகவே இருக்கிறது.

உங்கள் மருமகள்

—

ஆகஸ்ட் 22

கண்ணாடிக்காரிக்கு,

நன்றாகத்தான் இருக்கிறேன். உடனே எழுதவில்லை. வேலை இருந்தது. என்ன வேலை என்று சொல்கிறேன்.

உனக்குத் தெரியாமல் நானும் ஒன்று செய்துகொண்டிருந்தேன். நீ அந்த ஊருக்குப் போனதிலிருந்து என் மகனுடைய சட்டைகளை மாதா மாதம் வெளியே எடுத்து, உதறி, தேய்த்து, வீட்டு மடிப்பாக மடித்து மறுபடி உள்ளே வைப்பேன். போட்டுக்கொள்ள ஆள் இல்லாத சட்டை அழுக்காகுமா, கசங்குமா? ஆனாலும் தேய்ப்பேன். அவற்றை மூட்டை கட்டி அங்கே கொண்டுவந்து உன் அலமாரியில் அடுக்குவதாக இருந்தேன். அதற்குத்தான் அந்தத் தட்டு.

போட்டோவில் அந்த நீலச் சட்டையைப் பார்த்ததும் எனக்குக் கோபம் வந்தது. ஒளிக்காமல் எழுது என்று உன்னிடம் சொல்லிவிட்டு நான் ஒளிப்பது சரியில்லை. நல்ல கோபம். இரண்டு நாள் யாரோடும் பேசவில்லை. என் பிள்ளை மடிப்பை இன்னொருவனுக்குக் கொடுத்துவிட்டாளே என்று அழுதேன். எதிர்வீட்டுக்காரி வந்து கதவைத் தட்டிவிட்டுப் போனாள், திறக்கவில்லை.

அப்புறம் உன் கடிதம் வந்தது. ரொம்ப நாளாகச் சிரிப்பே வராமல் இருந்தது என்று எழுதியிருந்தாய். உன்னை விமானம் ஏற்றியது எதற்கு? அங்கே போயும் நீ அழுதுகொண்டு இருப்பதற்கா? ஐந்தாவது மாடி அறையில் நாம் இருவரும் ஒரு அலமாரிச் சட்டைகளுக்குக் காவல் இருப்பதற்கா?

எல்லாச் சட்டைகளையும் எடுத்தேன். கடைசியாக ஒருமுறை தேய்த்தேன். முன்னால் கட்டியிருந்த கைகளைப் பிரித்துப் பின்னால் கொண்டுபோய், கடை மடிப்பாக மடித்தேன். ஒவ்வொரு சட்டைக்கும் நேரம் பிடித்தது. என் கையும் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை, எதிர்வீட்டுக்காரியை இனிமேல் திட்ட மாட்டேன். பெரிய ஆஸ்பத்திரியில் நோயாளிகளுக்குத் துணைக்கு வந்து மாற்றுத் துணி இல்லாமல் கிடப்பவர்களுக்குக் கொடுத்துவிட்டு வந்தேன். ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டேன், அந்தப் பச்சைக் கோடு போட்டது. அது எனக்கு. தட்டில் என் புடவைகளுக்கு இடம் போக அதற்கும் இடம் இருக்கும்.

இதை இங்கேயே விட்டுவிடுகிறேன் என்று எழுதியிருக்கிறாயே, அதற்கு நேரில் வந்து திட்டுகிறேன். யாரைக் கேட்டு விடுவாய்? எந்த முறையில் வருவேன் என்று கவலைப்பட்டாயாம். பெற்றவர்கள் இல்லாத பெண்ணுக்குக் கல்யாணம் என்றால் பெண் வீட்டார் என்று ஒருத்தி வேண்டாமா? அந்த முறையில் வருகிறேன். அந்த முத்திரை குத்துகிறவள் மறுபடி "உங்க அம்மாவா?" என்று கேட்டால் யோசிக்காமல் பதில் சொல். ஆனால் என்னை அத்தை என்றே கூப்பிடு. புதிதாக அம்மா என்று ஆரம்பித்தால் எனக்குத் திரும்பிப் பார்க்கத் தோன்றாது.

அவர் சட்டையை வீட்டு மடிப்பாகவே மடி. மாற்றாதே.

சாவியை அடுத்த வாரம் கொடுக்கிறேன். எண்ணெய் பாட்டிலைப் பெட்டியில் எடுத்து வைத்தாயிற்று. செப்டம்பரில் வந்து சேருகிறேன். மாப்பிள்ளையிடம் சொல்லிவை: நான் வருகிற அன்றைக்கு லிஃப்ட் ஓட வேண்டும். ஓடவில்லை என்றால் பெண் கொடுக்க மாட்டேன்.

உன் அத்தை